நிமோனியாவும் கடந்த 90 நாட்களும்: மருந்துக்கு அடங்காத கிருமியை முதல் மணி நேரத்திலேயே சந்தேகிப்பது எப்படி?

மெடிக்கல் வார்டில் முதன்முதலாக இரவு டியூட்டி பார்க்கும் பயிற்சி மருத்துவருக்கும், அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியருக்கும் இதை எழுதுகிறேன். காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு, எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு. நிமோனியா என்பதில் சந்தேகமில்லை. எந்த ஆண்டிபயாட்டிக் என்பதுதான் கேள்வி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாளாகும், நோயாளியோ ஒரு மணி நேரம்கூடத் தாங்குவாரா என்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். ஆகவே முதல் ஊசியை ஊகத்தில்தான் போடுகிறோம். அந்த ஊகத்தை எப்படிச் சரியாகச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்லப் பார்க்கிறேன். இங்குள்ள எண்கள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கும், கீமோதெரபி, உறுப்பு மாற்றம், எச்.ஐ.வி. ஆகியவற்றால் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் கணக்கே வேறு. அவர்களை உடனே சீனியரிடம் காட்டுங்கள்.

முதலில், யாரைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். வெளியிலிருந்து வரும் நிமோனியாவில் பெரும்பாலும் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மைக்கோபிளாஸ்மா போன்றவைதான் இருக்கும். செஃப்ட்ரியாக்சோனும் அசித்ரோமைசினும் சேர்ந்தால் அவை அநேகமாக அடங்கிவிடும். அடங்காதவை, அதாவது எதிர்ப்புக் கிருமிகள், என்று நாம் அஞ்சுவது முக்கியமாக மூன்று. எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற ஸ்டஃபைலோகாக்கஸ், பென்சிலின் குடும்பத்து மருந்துகள் வந்து ஒட்ட வேண்டிய புரதத்தையே மாற்றி வைத்திருக்கிறது. சூடோமோனாஸுக்குச் செஃப்ட்ரியாக்சோன் என்றைக்குமே ஒரு பொருட்டில்லை, அதன் இயல்பே அப்படி. மூன்றாவது, ஈ.எஸ்.பி.எல். நொதியைச் சுரக்கும் கிளெப்சியெல்லா, ஈ.கோலை வகையறா. செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளை அந்த நொதி உடைத்துப் போட்டுவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இவற்றோடு அசினெட்டோபாக்டரும், மெரோபெனம் என்ற பெரிய மருந்துக்கே அசையாத கிருமிகளும் சேர்ந்துகொள்ளும்.

எல்லோருக்கும் பெரிய மருந்தையே போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று தோன்றும். மருத்துவ உலகம் அதையும் செய்து பார்த்திருக்கிறது. 2005-இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கமும் தொற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலில் ‘மருத்துவப் பராமரிப்பு சார்ந்த நிமோனியா’ என்று ஒரு வகையைக் கொண்டுவந்தார்கள். முதியோர் இல்லத்தில் இருப்பவர், டயாலிசிஸ் செய்பவர், 90 நாளுக்குள் மருத்துவமனையில் தங்கியவர் எல்லோரும் அதில் அடக்கம். விளைவு, பெரிய ஆண்டிபயாட்டிக்குகள் தாராளமாகப் புழங்கின. ஆனால் அப்படி வகைப்படுத்தப்பட்டவர்களில் பலரிடம் சாதாரணக் கிருமிதான் இருந்தது. 2016-ஆம் ஆண்டு வழிகாட்டலில் அந்த வகையை விட்டார்கள், 2019-இல் முற்றாகவே கைவிட்டார்கள். 2020-இல் 88 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிமோனியா அனுமதிகளை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஊகத்தின் பேரில் எம்.ஆர்.எஸ்.ஏ. மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 30 நாள் இறப்பு குறையவில்லை, கூடியே இருந்தது. கண்காணிப்பு ஆய்வு என்பதால் மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘போட்டு வைப்போம், என்ன ஆகிவிடப் போகிறது’ என்ற பேச்சுக்கு அதன்பின் இடமில்லை. எம்.ஆர்.எஸ்.ஏ. மருந்தான வான்கோமைசினோடு பிப்பராசிலின்-டாசோபாக்டம் சேரும்போது, சிறுநீரகம் சோர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறுவதை நீங்களே சீக்கிரம் பார்ப்பீர்கள்.

ஆக, ஆளைப் பார்த்து எடை போட வேண்டும். அதற்கு வேண்டிய தகவலில் முக்கால் பங்கு நோயாளியின் கடந்த 90 நாள் கதையில் இருக்கிறது.

படி 1: நிமோனியா எங்கே தொடங்கியது?

அனுமதியாகி 48 மணி நேரம் கழித்து வந்தால் அது மருத்துவமனை நிமோனியா. வென்டிலேட்டருக்காக மூச்சுக்குழாயில் குழாய் செருகி 48 மணி நேரத்துக்குப் பின் வந்தால் வென்டிலேட்டர் நிமோனியா. இரண்டும் இல்லையென்றால் சமூகத்தில் தொற்றியது. கேட்க எளிது. ஆனால் வேறு மருத்துவமனையில் நான்கு நாள் படுத்திருந்து, அங்கே புதிதாக மூச்சிரைப்பு வந்து, ஆம்புலன்ஸில் உங்களிடம் வந்து சேர்பவர் இருக்கிறாரே, அவரிடம்தான் எல்லோரும் தவறுகிறார்கள். உங்கள் கேஸ் ஷீட்டில் அவருக்கு இது முதல் நாள். கிருமியின் கணக்கில் ஐந்தாம் நாள். அனுப்பிய இடத்தின் அனுமதித் தேதியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

படி 2: கேள்வியை உடைத்துக் கேளுங்கள்

ஏன் 90 நாள்? ஓர் ஆண்டிபயாட்டிக் உள்ளே போனால் குடலிலும் தொண்டையிலும் குடியிருக்கும் சாதுவான கிருமிகள் செத்துவிடும். காலியான இடத்தில், அந்த மருந்துக்குச் சாகாதவை வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய குடித்தனம் திரும்ப வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். கடுமையான நோயோடு மருத்துவமனையில் கிடப்பவரின் தொண்டையிலோ சில நாட்களிலேயே சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகள் குடியேறிவிடுகின்றன. தூக்கத்தில் நாம் எல்லோருமே துளித்துளியாக எச்சிலை மூச்சுக்குழாயில் விடுகிறோம். அந்தத் துளியில் என்ன இருக்கிறதோ, நுரையீரலுக்கும் அதுவே போகும்.

அதனால்தான் இந்தக் கேள்வி. ஆனால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்:

“கடைசி மூணு மாசத்துல ஆண்டிபயாட்டிக் ஏதாவது எடுத்தீங்களா ஐயா?”

“இல்லைங்க.”

ஷீட்டில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆண்டிபயாட்டிக் என்றால் எது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அவருக்குத் தெரிந்த வார்த்தைகளில் கேட்க வேண்டும்.

“இங்க வர்றதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“ஊசி போட்டாங்களா? நரம்புல மருந்து ஏத்தினாங்களா? எத்தனை நாள்?”

“புண்ணு, பல்லு, யூரின்ல எரிச்சல், வயித்துப்போக்கு... எதுக்காவது மாத்திரை குடுத்தாங்களா?”

“அந்த மாத்திரை அட்டை கையில இருக்கா? எடுங்கம்மா, பார்ப்போம்.”

ஒரு முதியவரின் மகள் ‘எதுவுமே எடுக்கலை டாக்டர்’ என்று மூன்று முறை என்னிடம் உறுதியாகச் சொன்னார். மனம் ஒப்பாமல், கொண்டுவந்திருந்த துணிப்பையைக் கட்டிலின் கால்மாட்டில் கொட்டச் சொன்னேன். சர்க்கரை மாத்திரை அட்டைகள், வயிற்றெரிச்சல் மாத்திரை, கசங்கிய எக்ஸ்ரே உறை, அடியில் நான்காக மடித்த டிஸ்சார்ஜ் சம்மரி. ஆறு வாரத்துக்கு முன் சிறுநீரகத் தொற்று, ஏழு நாள் மெரோபெனம், யூரின் கல்ச்சரில் ஈ.எஸ்.பி.எல். கிளெப்சியெல்லா. ‘அது யூரினுக்குப் போட்டது டாக்டர், நெஞ்சுக்கு இல்லையே’ என்றார் அவர். மகள் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட விதத்துக்கு அதுதான் பதில். அந்த மடித்த தாள் இல்லையென்றால் அன்றிரவு அவருக்கு வேறு மருந்து போயிருக்கும். இன்றைக்கும் பையைக் கொட்டிப் பார்க்காமல் நான் ‘இல்லை’ என்று எழுதுவதில்லை.

பதில் கிடைத்ததும் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன மருந்து, எத்தனை நாள், நரம்பு வழியா வாய் வழியா. நரம்பு வழி மருந்தும் மருத்துவமனைத் தங்கலும் சேர்ந்து 90 நாளுக்குள் இருந்தால் அதற்கு எடை அதிகம். எந்தக் குடும்பத்து மருந்து முன்பு போனதோ, இப்போது முடிந்தவரை அதைத் தவிர்த்து வேறு குடும்பத்திலிருந்து எடுப்பது நல்லது.

படி 3: பழைய கல்ச்சர் ரிப்போர்ட்

என்னைக் கேட்டால், எல்லா அறிகுறிகளையும் ஒரு தட்டில் வைத்து, இதை மட்டும் மறுதட்டில் வைக்கலாம். கடந்த ஓராண்டில் சளியிலோ மூச்சுக்குழாய் மாதிரியிலோ எம்.ஆர்.எஸ்.ஏ. அல்லது சூடோமோனாஸ் வளர்ந்திருந்தால், இன்றைய நிமோனியாவிலும் அதுவே இருக்க வாய்ப்பு மிக அதிகம். 2019 வழிகாட்டலும் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். சிறுநீரில், புண்ணில், ரத்தத்தில் வளர்ந்ததும் கணக்கில் சேரும், எடை மட்டும் சற்றுக் குறைவு. கணினியில் பழைய எண் இருந்தால் தேடுங்கள். இல்லையென்றால் லேபுக்கு ஒரு போன். ஐந்து நிமிட வேலைதான்.

படி 4: ஆளை முழுதாகப் பாருங்கள்

ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைக்கும் முன்பே தெரிந்துவிடும் சில விஷயங்கள் உண்டு. மூக்கில் உணவுக் குழாய், வயிற்றில் உணவுக் குழாய், கழுத்தில் மூச்சுக்கான துளையான டிரக்கியாஸ்டமி, கையில் டயாலிசிஸ் ஃபிஸ்டுலா. போர்வையை விலக்கி இடுப்பின் பின்புறத்தையும் குதிகாலையும் பாருங்கள். படுக்கைப் புண்ணும் அதற்குத் தினமும் நடக்கும் கட்டும் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். தானாக எழுந்து நடந்து குளித்தவரா, மாதக்கணக்கில் படுக்கையிலேயே இருப்பவரா என்று கேளுங்கள். நடமாட்டம் குறைந்தவரிடம் இந்தக் கிருமிகள் கூடுதலாகவே காணப்படுகின்றன.

நுரையீரலின் கதை தனி. பிராங்கியெக்டேசிஸ் உள்ளவர், அதாவது மூச்சுக்குழாய்கள் அகன்றுபோய் தினமும் கிண்ணம் கிண்ணமாகச் சளி துப்புகிறவர், சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் முற்றி ஆண்டுக்குப் பலமுறை ஸ்டீராய்டும் ஆண்டிபயாட்டிக்கும் எடுப்பவர், இவர்களிடம் சூடோமோனாஸை நினையுங்கள்.

இதற்கு நேர்மாறாக, 90 நாள் கதை எதுவுமே இல்லாத இளைஞரும் உண்டு. ஃப்ளூ காய்ச்சல் வந்து தேறிக்கொண்டிருந்தவர் திடீரென்று மோசமாகிறார். சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் வேகமாகப் பரவும் திட்டுகள், நடுவே பொந்து, வெள்ளணுக்கள் கூடாமல் குறைந்துபோயிருக்கின்றன. சமூகத்தில் பரவும் எம்.ஆர்.எஸ்.ஏ. இப்படித்தான் வரும். மதிப்பெண் அட்டவணை எதிலும் இவர் சிக்க மாட்டார். இவருக்கு மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது.

படி 5: மதிப்பெண் போட்டுப் பாருங்கள்

சமூகத்தில் தொற்றிய நிமோனியாவுக்கு 2016-இல் வெளியான டிரிப் ஸ்கோர் நல்ல கருவி. பெயர்தான் டிரிப், சலைன் டிரிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தலா 2 மதிப்பெண்: 60 நாளுக்குள் ஆண்டிபயாட்டிக், நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் வசிப்பது, குழாய் வழி உணவு, ஓராண்டுக்குள் எதிர்ப்புக் கிருமித் தொற்று. தலா 1 மதிப்பெண்: 60 நாளுக்குள் மருத்துவமனைத் தங்கல், நாள்பட்ட நுரையீரல் நோய், நடமாட்டக் குறைவு, 14 நாளுக்குள் அமிலம் குறைக்கும் மாத்திரை, புண் கட்டு, ஓராண்டுக்குள் உடலில் எம்.ஆர்.எஸ்.ஏ. குடியிருந்தது. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் எதிர்ப்புக் கிருமி இருக்கும் ஆபத்து அதிகம்.

அமில மாத்திரையைப் பார்த்து வியக்க வேண்டாம். வயிற்று அமிலம் குறைந்தால் கிருமிகள் அங்கே பிழைத்து மேலேறுகின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

மேலே சொன்ன பெரியவரைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டிபயாட்டிக் 2, எதிர்ப்புக் கிருமித் தொற்று 2, மருத்துவமனைத் தங்கல் 1, பையிலிருந்து விழுந்த வயிற்றெரிச்சல் மாத்திரை 1. ஆக 6. மகளின் வாய்வார்த்தையை மட்டும் வைத்து எண்ணியிருந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். ஸ்கோரின் தரம், நீங்கள் கேட்ட கேள்விகளின் தரம்தான். இது 4-க்குக் கீழே இருப்பவரை நிம்மதியாகச் சாதாரண மருந்தில் வைக்கத்தான் அதிகம் உதவும். 4-ஐத் தாண்டியவர் எல்லோரிடமும் எதிர்ப்புக் கிருமி இருக்கும் என்று பொருளில்லை.

வென்டிலேட்டர் நோயாளிக்கு 2016 வழிகாட்டல் ஐந்து அடையாளங்களைச் சொல்கிறது: 90 நாளுக்குள் நரம்பு வழி ஆண்டிபயாட்டிக், நிமோனியா தொடங்கும்போதே தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் ஷாக், அதற்கு முன்பே ஏ.ஆர்.டி.எஸ். என்ற கடும் நுரையீரல் செயலிழப்பு, ஐந்து நாளோ அதற்கு மேலோ மருத்துவமனையில் இருந்தது, அதற்கு முன் திடீர் டயாலிசிஸ் தேவைப்பட்டது. வென்டிலேட்டர் இல்லாத மருத்துவமனை நிமோனியாவில் நரம்பு வழி ஆண்டிபயாட்டிக் ஒன்றே தலையாய அடையாளம். இங்கே உங்கள் பிரிவின் ஆண்டிபயோகிராமும், அதாவது எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கிறது என்ற பட்டியலும், தேவை. ஸ்டஃபைலோகாக்கஸில் எம்.ஆர்.எஸ்.ஏ. 20 சதவீதத்தைத் தாண்டும் பிரிவு என்றாலோ, அந்த விவரமே கையில் இல்லை என்றாலோ, அதற்கும் மருந்து சேர்க்கச் சொல்கிறார்கள். மைக்ரோபயாலஜி துறையில் கேட்டால் அச்சடித்த தாளாகவே கொடுப்பார்கள். பிரிவின் சுவரில் ஒட்டி வையுங்கள்.

படி 6: நோய் எவ்வளவு கடுமை?

எதிர்ப்புக் கிருமி ஆபத்தும் நோயின் கடுமையும் ஒன்றல்ல, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ரத்த அழுத்தத்தைத் தாங்க மருந்து தேவைப்பட்டாலோ, வென்டிலேட்டர் தேவைப்பட்டாலோ கடுமையான நிமோனியா. மூச்சு நிமிடத்துக்கு 30-ஐ எட்டுவது, குழப்பம், நுரையீரலின் பல மடல்களில் திட்டு, வெள்ளணு 4,000-க்குக் கீழ், தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழ், யூரியா உயர்வு, உடல் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழ், ரத்த ஆக்சிஜனை உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்த விகிதம் 250-ஐத் தாண்டாமை, சலைனை வேகமாக ஏற்ற வேண்டிய அளவு அழுத்தம் இறங்குவது, இவற்றில் மூன்று இருந்தாலும் கடுமைதான். மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். மானிட்டர் காட்டும் எண்ணை நம்பி எழுதாதீர்கள்.

படி 7: ஊசிக்கு முன் மாதிரி

ஆபத்து உண்டு என்று பட்டுவிட்டால் ரத்தக் கல்ச்சர் இரண்டு செட், ஒவ்வொரு பாட்டிலிலும் 8 முதல் 10 மில்லி. 3 மில்லி விட்டு அனுப்பினால் வளர வேண்டியதும் வளராமல் போகும். பிறகு சளி. வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, நிமிர்ந்து உட்காரவைத்து, ஆழமாக மூச்சிழுத்து அடிநெஞ்சிலிருந்து இருமச் சொல்லுங்கள். நுரையும் எச்சிலுமாக வந்தால் மறுபடி எடுங்கள். மைக்ராஸ்கோப்பின் சிறிய உருப்பெருக்கத்தில் ஒரு புலத்துக்கு வாய்ச் செல்கள் 10-க்குக் குறைவாகவும் சீழ்ச் செல்கள் 25-க்கு மேலாகவும் இருந்தால்தான் நல்ல மாதிரி. சளி இன்னும் வரவில்லை என்று முதல் டோஸை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

வசதி இருந்தால் மூக்கில் எம்.ஆர்.எஸ்.ஏ. பி.சி.ஆர். எடுங்கள். இதன் பயன் அது ‘இல்லை’ என்று சொல்வதில்தான். மூக்கில் இல்லையென்றால், குறிப்பாகச் சமூக நிமோனியாவில், நுரையீரலிலும் அநேகமாக இல்லை. வான்கோமைசினை நிறுத்தலாம். மூக்கில் ‘உண்டு’ என்றால் நுரையீரலிலும் உண்டு என்று ஆகிவிடாது.

வாரக்கணக்கில் இருமல், எடை குறைவு, மேல்மடலில் பொந்து என்றிருந்தால் அன்றே காசநோய்க்கும் சளி அனுப்புங்கள். முன்பு ஒருமுறை காசநோய் சிகிச்சை எடுத்தவர் என்றால் காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா என்று காட்டும் மூலக்கூறுப் பரிசோதனை கட்டாயம். அந்த முடிவு வரும்வரை லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளைத் தொட வேண்டாம். அவை காசநோயைப் பாதி அடக்கி மறைத்துவிடும், கண்டுபிடிப்பது பல வாரம் தள்ளிப்போகும்.

படி 8: முடிவு

2019 வழிகாட்டலின் சாரம் இது. மூச்சு மாதிரியில் முன்பு எம்.ஆர்.எஸ்.ஏ.யோ சூடோமோனாஸோ வளர்ந்தவர் என்றால், நோய் கடுமையோ இல்லையோ, அதற்கான மருந்தை இப்போதே தொடங்குங்கள். மருத்துவமனைத் தங்கலும் நரம்பு வழி ஆண்டிபயாட்டிக்கும் மட்டும் இருக்கிறது, நோயும் கடுமை என்றால் அப்போதும் தொடங்குங்கள். அதே கதை, ஆனால் நோய் கடுமையில்லை என்றால் மாதிரிகளை அனுப்பிவிட்டு வழக்கமான மருந்தில் வைத்துக் காத்திருங்கள். புதியவர்கள் தடுமாறுவது இந்தக் கடைசி வகையில்தான். பயத்தில் கை மெரோபெனத்துக்குப் போகும். பொறுங்கள், நோயாளி நிலையாக இருக்கிறார், கல்ச்சர் போயிருக்கிறது.

எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு வான்கோமைசின் அல்லது லினசோலிட். டாப்டோமைசின் கூடாது, நுரையீரலின் உட்புறத்தைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். சூடோமோனாஸுக்குப் பிப்பராசிலின்-டாசோபாக்டம், செஃபெபிம், செஃப்டாசிடிம், மெரோபெனம் ஆகியவற்றில் ஒன்று. எர்டாபெனம் பெயரில் மெரோபெனத்தின் தம்பி போலிருக்கும், சூடோமோனாஸை அது தொடாது. ஈ.எஸ்.பி.எல். முன்பு வளர்ந்தவருக்கு மெரோபெனத்தின் குடும்பமான கார்பபெனம் வேண்டுமா என்பதைச் சீனியரோடு பேசி முடிவு செய்யுங்கள். டோஸைச் சிறுநீரகத்தைப் பார்த்துப் பிரிவின் நெறிமுறைப்படி எழுதுங்கள்.

படி 9: 48 மணி நேரத்தில் திரும்பி வாருங்கள்

பெரிய மருந்தைத் தொடங்கும்போதே கேஸ் ஷீட்டில் ‘இந்தத் தேதி, இந்த நேரம் மறுபரிசீலனை’ என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அது பத்து நாள் ஓடும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். 48 மணி நேரத்தில் கல்ச்சரில் எதிர்ப்புக் கிருமி இல்லை, நோயாளியும் தேறுகிறார் என்றால் சாதாரண மருந்துக்கு இறங்குங்கள். இறங்குவதற்குத்தான் உண்மையில் துணிச்சல் வேண்டும். சமூக நிமோனியாவில் நிலை சீராகிவிட்டால் மொத்தம் ஐந்து நாள், எம்.ஆர்.எஸ்.ஏ., சூடோமோனாஸ், மருத்துவமனை நிமோனியா என்றால் ஏழு நாள் பெரும்பாலானோருக்குப் போதும்.

72 மணி நேரமாகியும் தேறவில்லையா? உடனே எதிர்ப்புக் கிருமி என்று முடிவு கட்டி மருந்தை ஏற்ற வேண்டாம். நெஞ்சுக்கூட்டில் சீழ் கட்டியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் பாருங்கள். காசநோய், இதயச் செயலிழப்பு, நுரையீரல் ரத்தக்கட்டு, அடைத்துக்கொண்டிருக்கும் கட்டி, இவற்றில் ஏதாவது நிமோனியா வேஷத்தில் வந்திருக்கிறதா என்றும் தேடுங்கள்.

படி 10: டிஸ்சார்ஜ் சம்மரி

இரண்டு வரிதான், ஆனால் எழுதுங்கள். இன்று வீடு திரும்புபவர் அடுத்த 90 நாளுக்குள் இன்னொரு அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கக்கூடும், அங்கே இன்னொரு பயிற்சி மருத்துவர் அவருடைய பையைக் கொட்டிப் பார்ப்பார். ‘நிமோனியா, ஆண்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் அவருக்கு என்ன தெரியும்? இப்படி எழுதுங்கள்: ‘சளிக் கல்ச்சர்: சூடோமோனாஸ். செஃப்டாசிடிம் கேட்கும், லீவோஃப்ளாக்சசின் கேட்காது. நரம்பு வழி செஃப்டாசிடிம் 7 நாள், தொடங்கிய தேதி, முடித்த தேதி.’ கல்ச்சர் தாளின் நகலைச் சம்மரியோடு பின் அடித்து வீட்டார் கையில் கொடுங்கள். “அம்மா, எந்த டாக்டர்கிட்ட போனாலும், எந்த நோவுக்குப் போனாலும், முதல்ல இந்தத் தாளை எடுத்துக் காட்டுங்க” என்று சொல்லி அனுப்புங்கள்.